இந்திராணியின் ஒருபொழுது

இந்திராணிக்கு மெதுவாகப் பேச வராது. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் தறி ஷெட்டுக்குப் பின்னால் குடியிருக்கிற எவருக்குமே வராது. விடிந்ததிலிருந்து பவர்லூம் போடுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்கிறவளைக் கூப்பிடுவதற்கும் தெருமுனையில் போகிறவளைக் கூப்பிடுவதற்கும் ஒரே குரல்தான். கரண்டு போனால் மட்டும் தெருவே வாயடைத்துப் போகும். அப்போது நாலு வீடு தள்ளி நடக்கிற சண்டைகூட வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும். அவள் புருஷன் முனிகிருஷ்ணனின் இருமல் ஊருக்குத் தெரியவந்ததும் அப்படிக் கரண்டு போன ஒரு மத்தியானத்தில்தான்.

அதுவரை அந்த இருமலை அவள் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தறிகள் நின்றதும், ஷெட்டுக்குள்ளிருந்து கிணற்றில் வாளி இடிபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிற்கவில்லை. பக்கத்துத் தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனிகிருஷ்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பஞ்சு துன்றவன் இருமாம இன்னா பண்ணுவான்" என்று சிரித்தான். சிரித்தவன் துண்டை மடித்த விதத்தில் இந்திராணிக்குச் சந்தேகம் வந்தது. துவைக்கப் போட்ட துண்டில் ரத்தம் இருந்தது.

இந்திராணி நெசவு வீட்டில் பிறந்தவள் இல்லை. சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் வேர்க்கடலையும் விளைகிற வீடு. ஏழாவதோடு படிப்பை நிறுத்தினார்கள். கல்யாணமாகி நகரிக்கு வந்தபோது அவளுக்கு நூலும் தெரியாது, தறியும் தெரியாது. முனிகிருஷ்ணன் கூலிக்குத் தறி ஓட்டினான். அவள் தார் சுற்றக் கற்றுக்கொண்டாள். ஊடைநூலைச் சின்னக் கட்டையில் சுற்றி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கக் கொடுக்கிற வேலை. கை வேகம் வந்த பிறகு, சுற்றிக்கொண்டே கேலி பேசுவாள், மகள் பிரித்திகாவைப் பாடம் ஒப்பிக்க வைப்பாள், புருஷனைத் திட்டுவாள். பிரித்திகா புத்தூருக்கு பஸ்ஸில் போய், பத்தாவதுக்கு மேல் இண்டர் படிக்க ஆரம்பித்தபோது, தெருவில் அவளுக்கு முன்னால் அந்த பஸ் ஏறிய பெண் இல்லை என்பதைக் கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மோனிகா வந்தாள். அந்தப் பகுதி வீடுகளுக்குப் போய் மாத்திரை கொடுப்பதும் விசாரிப்பதும் அவள் வேலை. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு. ஆறு மாதம் ஒரு வேளையும் தவறாமல் மாத்திரை போட வேண்டும் என்றாள். அதோடு ஒரு சத்துப் பையும் இறக்கினாள். பருப்பு, வேர்க்கடலை, எண்ணெய், ஒரு டப்பா புரதப் பொடி. முட்டை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும், தினமும் வேண்டும் என்றாள்.

மாத்திரை இருக்கும்போது முட்டை எதற்கு என்று முனிகிருஷ்ணன் கேட்டான். அதற்கு மோனிகா சொன்னது இந்திராணிக்கு வெகுநாள் ஞாபகத்தில் இருந்தது. மாத்திரை கிருமியைக் கொல்லும், ஆனால் சண்டை நடக்கிற இடம் உன் உடம்பு, அது நிற்க வேண்டாமா என்றாள். பிறகு இந்திராணியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இது காத்துல வர்ற கிருமி. உங்க நெஞ்சுக்குள்ளயும் பொண்ணு நெஞ்சுக்குள்ளயும் போயிருக்கும். போன உடனே நோவு ஆகாது. உடம்பு அதைச் சுத்திச் சுவரு கட்டி உள்ளயே அடைச்சு வெச்சிரும். சுவரு கட்டினா போதாது, தெனமும் மண்ணு பூசிக்கினே இருக்கணும். பருப்பு, முட்டை, சோறு, கீரை, இதான் மண்ணு. பூசாம உட்டா சுவரு விரியும்."

அம்மாவுக்கும் மகளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. நோய் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை போடுகிற மாத்திரையும் கொடுத்தார்கள். பிரித்திகா ஒழுங்காகப் போட்டாள். இந்திராணியும் போடுவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை அவள் புத்தூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் நாராயணவனம் போனாள். கல்யாண வெங்கடேஸ்வரர் சன்னதியில் கூட்டம் இருந்தது. நின்ற கொஞ்ச நேரத்தில், உதடு அசையாமல் நேர்ந்துகொண்டாள். அவர் உடம்பு முழுசாகத் தேறுகிற வரைக்கும் எனக்கு ஒருபொழுதுதான். ஒரு வேளைச் சோறு. சனிக்கிழமையில் தண்ணீர் மட்டும். கவிச்சி தொடமாட்டேன், முட்டையும் தொடமாட்டேன். இந்த மாதிரி நேர்ச்சியை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒன்றுபோல நம்புகிற விஷயம். யாரிடமும் சொல்லவில்லை.

மறைப்பது கஷ்டமாகவே இல்லை. புருஷனும் மகளும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் எப்போதும் சாப்பிடுவாள், அதுவும் அடுப்படியில் தனியாக. அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. நேர்ந்ததற்குப் பிறகு அவள் வெறும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கரண்டியைப் பாத்திரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். கூடத்தில் இருப்பவர்களுக்கு அது சாப்பிடுகிற சத்தமாகக் கேட்கும்.

முனிகிருஷ்ணனுக்கு மட்டும் குறையே வைக்கவில்லை. காலையில் களியும் கீரைக் குழம்பும், கூடவே அவித்த முட்டை. பத்து மணிக்கு வறுத்த வேர்க்கடலை. மத்தியானம் கெட்டிப் பருப்பு. சாயந்திரம் புரதப் பொடி கலந்த பால். ஞாயிற்றுக்கிழமை கோழி, அவளே சமைப்பாள், உப்புப் பார்க்க மகளைக் கூப்பிடுவாள். மாத்திரை போட்ட முதல் மாதம் அவனுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டும். "துன்னுங்க, பிரித்தி நைனா" என்று மகளின் அப்பாவாகவே அவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விடாப்பிடியாக ஊட்டாத குறையாகப் போடுவாள். அவன் முறைத்தால், உங்க வாயிலதான் போடுறேன், தறிக்கா போடுறேன் என்பாள். மெல்ல மெல்ல அவன் கன்னம் மேடு கட்டியது. காய்ச்சல் விட்டது. சட்டை தோளில் பொருந்தி நின்றது. இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை என்று மோனிகா சொன்னபோது, இந்திராணி நாராயணவனம் இருக்கிற திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் உடம்பு தேறுகிறது என்றால் தன் விரதம் பலிக்கிறது என்று அர்த்தம்.

தன் உடம்பைப் பற்றியும் அவள் யோசிக்காமல் இல்லை. கொரோனா காலத்தில் தெருவே மெடிக்கல் ஷாப்பில் வரிசை நின்று சத்து மாத்திரை வாங்கிப் போட்டது. இம்யூனிட்டி என்கிற வார்த்தை அப்போதுதான் நூல் கடைவரைக்கும் வந்தது. அந்த ஞாபகத்தில் அவள் போய் ஒரு பட்டை விட்டமின் மாத்திரையும், சப்பிச் சாப்பிடுகிற ஆரஞ்சு மாத்திரையும் வாங்கி வந்தாள். நேர்ந்தது சோற்றைத்தான். மாத்திரை சோறு இல்லை. தண்ணீரோடு விழுங்கினால் விரதமும் கெடாது, மோனிகா சொன்ன சுவருக்கு மண்ணும் பூசியதாகிவிடும். இரண்டு நாளில் சிறுநீர் மஞ்சள் மஞ்சளாகப் போனது. உள்ளே சத்து நிறைந்து வழிகிறது என்றே நினைத்தாள்.

வாரம் ஒருமுறை போடுகிற தடுப்பு மாத்திரையைத்தான் அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலி வயிற்றில் அது இறங்கியதும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு நிறுத்திவிட்டாள். இது நோய்க்காரர்களுக்கு, எனக்குத்தான் சத்து மாத்திரை இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் தார் சுற்றும்போது கை தளர்ந்தது. சாயந்திரமானால் உடம்பு கதகதவென்றது. ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். இருமல் வந்தபோது தறிச் சத்தத்துக்குள் போய் நின்று இருமினாள். இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டால் அவருக்குக் கடைசிப் பரிசோதனை. அது நல்லபடியாக வந்துவிட்டால், நேராக நாராயணவனம் போய் விரதத்தை முடித்துவிட்டு, பிறகு தன்னைப் பார்த்துக்கொள்ளலாம். கரை தெரிகிற இடத்தில் கயிற்றை விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் மோனிகா வந்தபோது முனிகிருஷ்ணனின் எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்த இந்திராணியின் மணிக்கட்டைப் பார்த்தாள். செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். சுட்டது.

"அண்ணா, அக்கா நேத்து இன்னா சாப்ட்டாங்க?"

முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். மகளைப் பார்த்தான். பிரித்திகா, சோறு என்றாள். எத்தனை வேளை என்று மோனிகா கேட்டாள். என்ன குழம்பு, முட்டை எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்டாள். அவன் தின்ற ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். அவள் தின்றது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"தட்டு சத்தம் கேக்கும்" என்றாள் பிரித்திகா, சொல்லும்போதே முகம் மாறி. "கரண்டி சத்தம் கேக்கும். சாப்பிடறாங்கன்னுதான் நெனச்சேன்."

நான் சத்து மாத்திரை போட்டுக்கினுதான் இருக்கேன் என்று இந்திராணி முந்திக்கொண்டாள். அலமாரியிலிருந்து பட்டைகளை எடுத்து வந்து, சாட்சி வைப்பதுபோல மோனிகாவின் மடியில் வைத்தாள். மோனிகா அவற்றைத் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை.

"அக்கா, நீங்க நூல்காரங்க. பாவும் இல்லாம ஊடையும் இல்லாம தறியில சாயத்தை மட்டும் ஊத்தினா சேலை வருமா? இது சாயம். நூலு சோறுதான்."

அடுத்த கேள்வி ஏன் சாப்பிடவில்லை என்பது. அதற்கு இந்திராணி வாயே திறக்கவில்லை. சொன்னால் பலிக்காது. முனிகிருஷ்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அந்த ஊர்க்காரன்தானே. பேசாமல் நிற்கிற பெண்ணின் மௌனத்துக்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியும்.

"நேர்ந்துக்கினியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை.

திருப்பதி பெரிய ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். வலது பக்கம் மேலே நுரையீரலில் பிடித்திருந்தது. ரத்தம் ரொம்பக் குறைவு. எடையைப் பார்த்து டாக்டரம்மா மறுபடி நிற்கச் சொன்னார். முனிகிருஷ்ணன் போட்ட அதே மாத்திரைகள்தான் அவளுக்கும். ஆனால் இந்த உடம்பில் அவற்றைத் தாங்க ஏதாவது இருக்க வேண்டும் என்றார் அவர். "தினகபோதே மந்து பனி செய்யதம்மா." தின்னாவிட்டால் மருந்து வேலை செய்யாது. வேலை செய்யாதது மட்டுமில்லை, காலி உடம்பில் கல்லீரலைக் கெடுத்துவிடும். நிறுத்த வேண்டி வந்தால் பிறகு என் கையில் இல்லை என்று பிரித்திகாவிடம் தனியாகச் சொன்னார்.

இந்திராணி மாத்திரையை மறுக்கவில்லை. சோற்றைத்தான் தள்ளினாள். மத்தியானம் ஒரு வேளை, அதுவும் பாதி. காலையில் கொடுத்த முட்டையைப் பக்கத்துக் கட்டில்காரிக்குத் தள்ளிவிட்டாள். மகள் அழுதாள், கெஞ்சினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். இந்திராணிக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். அவருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இத்தனை மாதம் கட்டியதை இப்போது அவிழ்த்தால், அவர் நெஞ்சில் அது திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்தால் அந்தச் சாவு தன் வாயில் போட்ட சோற்றால் வந்ததாக இருக்கும். தன்னுடைய சாவைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பயம் இல்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து முனிகிருஷ்ணனைக் காணவில்லை. மத்தியானத்துக்கு மேல் வந்தான். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது. கையில் வாழையிலை மூடிய ஒரு தொன்னை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

எங்கே போனீர்கள் என்று கேட்டாள். நாராயணவனம் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாமிகிட்ட உத்தரவு கேட்டீங்களா?"

"கேக்கல. நான்தான் சொன்னேன். இவ நேர்ந்தது என் உடம்புக்கு. அது என் உடம்பு, என்னைக் கேக்காம நேர்ந்துட்டா. நான் அதைத் திருப்பிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"சாமிகிட்ட அப்பிடி பேசலாமா, பிரித்தி நைனா?"

"பேசிட்டேன். கோவம்னா என்மேல வரட்டும்." தொன்னையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அஞ்சு மாசம் முட்டை துன்னேன் இந்திராணி. ஒவ்வொண்ணும் உன் தட்டுலேருந்து எடுத்துத் துன்னேன்னு தெரியாம துன்னேன். இனிமே எப்பிடி என் தொண்டையில எறங்கும்?"

அவன் இலையை விலக்கினான். தயிர்சாதம். திரும்பும்போது அர்ச்சகர் கூப்பிட்டுக் கொடுத்தார் என்றான். வேண்டாம் என்றால் தான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன், அவளே எழுந்து போய்க் கொடுக்கட்டும் என்றான்.

பக்கத்துக் கட்டில்காரி ஸ்ரீகாளஹஸ்தி பக்கத்துக் கிழவி, இத்தனை நாள் இவள் முட்டையைத் தின்றவள். "பிரசாதத்தை வேணாம்னு சொல்றவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல், விட்டத்தைப் பார்த்து.

அதுவும் சனிக்கிழமை, தண்ணீர் மட்டும் என்று நேர்ந்த நாள். ஆனால் சன்னதியிலிருந்து வந்ததைத் தள்ள அவளுக்குக் கை வரவில்லை. யாருக்காக நேர்ந்தாளோ அவனே கொண்டுவந்திருக்கிறான். யாரிடம் நேர்ந்தாளோ அங்கிருந்தே கொண்டுவந்திருக்கிறான். தொன்னையை வாங்கி மடியில் வைத்தாள். பிறகு ஒரு கவளம் எடுத்தாள். மென்றாள். கண்ணிலிருந்து வழிந்தது மோவாயில் சொட்டியது.

"உப்பு கம்மி" என்றாள்.

"வேற குறை இருந்தா சொல்லு, நாளைக்குப் போய் அவர்கிட்ட சொல்றேன்" என்றான் அவன். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சோறு இறங்கினாலும் பயம் இறங்கவில்லை. மறுநாள் அவள் முட்டையை உரித்துக்கொண்டிருக்கும்போது முனிகிருஷ்ணன் ஒருதரம் இருமினான். அவள் கை அப்படியே நின்றது. முட்டை மடியில் உருண்டது. புரையேறிச்சு, தண்ணி குடிச்சேன், புரையேறிச்சு என்று அவன் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவள் சாப்பிடும் நேரம் மட்டும் அவன் இருமலை அடக்கக் கற்றுக்கொண்டான். தொண்டை கரகரத்தால் வராந்தாவுக்குப் போய்விடுவான். வயிறு சுருங்கிப் போயிருந்ததால் பாதிச் சாப்பாடு வாந்தியாக வந்தது. டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். சத்து மாத்திரையையும் அவரே எழுதிக் கொடுத்தார். இது சோற்றோடு போடுவதற்கு, சோற்றுக்குப் பதில் இல்லை என்று பிரித்திகா பட்டைமேல் பேனாவால் எழுதி வைத்தாள். மெல்லக் காய்ச்சல் நின்றது. மேலே பிடித்த இடத்தில் தழும்பு இருக்கும், பழைய மூச்சு வராது, தறிப் பஞ்சுப் பக்கம் இனிமேல் போகக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷெட்டில் தார் சுற்ற இப்போது வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

முனிகிருஷ்ணனின் கடைசிப் பரிசோதனை முடிவு, அவர்கள் வீடு திரும்பிய வாரத்தில் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் இந்திராணி தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மோனிகா மத்தியானம் வந்தாள். மூன்று பேரும் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசுபத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அடுப்படியில் தனியாகச் சாப்பிட அவளை மகள் விடவில்லை.

"அண்ணாக்கு ஒண்ணும் இல்ல. சுத்தம். மாத்திரை முடிஞ்சுது."

இந்திராணி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள், பிறகு மோனிகாவைப் பார்த்தாள்.

"நான் துன்னேனே. மூணு வாரமா துன்னேனே. அதால ஒண்ணும் ஆகலியா?"

"நீங்க துன்னதால ஒண்ணும் ஆகல அக்கா. துன்னாம இருந்ததாலதான் ஆச்சு."

வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் என்னவோ சொன்னாள், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிரித்திகா குனிந்து, இன்னாம்மா என்றாள். நோய் வந்த பிறகு இந்திராணியின் குரல் இறங்கிவிட்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்டிராத ஒன்றை அவள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றாள்.